இடது மூடி, உள்ளே 10.10

பட்டறைச் சுவரில் தொங்குகிற சிலேட்டைப் பற்றி முதலில் சொல்லிவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

உப்பளம் என்கிற பகுதியில், பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் நிர்மலாவின் பாலிஷ் பட்டறை இருக்கிறது. பட்டறை என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். வீட்டுக்குப் பக்கவாட்டில் தகரம் போட்ட ஓர் இடம், நடுவில் இரண்டு முனையிலும் துணிச் சக்கரம் பூட்டிய ஒரு மோட்டார், அவ்வளவுதான். நிர்மலா சேதராப்பட்டில் ஒரு பாத்திரக் கம்பெனியில் பதினோரு வருஷம் அலுமினியக் குக்கர் மூடிகளுக்குப் பாலிஷ் போட்டவள். கம்பெனியில் ஆட்களைக் குறைத்தபோது, மூலையில் துருப்பிடித்துக் கிடந்த அந்த மோட்டாரைக் கேட்டு வாங்கி வந்து சொந்தமாகத் தொழில் ஆரம்பித்தாள். ஓட்டல் பாத்திரம், படகுகளின் பித்தளைக் குமிழ், பழைய மோட்டார் சைக்கிள் சாமான் என்று எது வந்தாலும் முகம் பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவாள். பழைய வண்டிக்காரர்கள் நடுவே அவளுக்கு நல்ல பெயர்.

அவள் கணவர் கன்னியப்பன் துணி மில்லில் வேலை பார்த்தவர். இருபத்திரண்டு வருஷமும் துணி வெளுக்கிற பிளீச்சிங் பிரிவு. மில் மூடிய பிறகும் எட்டு மணிக்குச் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பி, பூட்டிய கேட்டுக்கு எதிரே மற்றவர்களோடு போய் உட்கார்ந்திருந்தார். மற்றவர்கள் ஒவ்வொருவராக வாட்ச்மேன் வேலைக்கும் ஆட்டோவுக்கும் போய்விட்டார்கள். கடைசியில் இவர் ஒருவர்தான் பாக்கி. ஒருநாள் இவரும் போகவில்லை. அன்றைக்கு உள் அறையில் படுத்தவர் நான்கு வருஷம் அப்படியே இருந்தார். குடிக்கவில்லை, சண்டை போடவில்லை. கூப்பிட்டால் வந்து சாப்பிடுவார், சாப்பிட்டதும் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். கோபித்துக்கொள்ளவும் வழியில்லாத ஒருவரை வைத்துக்கொண்டு நிர்மலா மோட்டாரின் இரைச்சலில் நாளைக் கழித்துக்கொண்டிருந்தாள்.

போன மார்கழியில் ஒரு வேலை வந்தது. பழைய வீட்டு இரும்புக் கதவின் கீல்கள், ஒன்றின் மேல் ஒன்றாக ஏழெட்டு பெயின்ட். நிர்மலா உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்து வந்த கன்னியப்பன் நின்று பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்டி சொரண்டிட்டுக் கிடக்குற? காஸ்டிக் சோடா கரைசல்ல போட்டா ஒரு மணி நேரத்துல தோலு மாதிரி உரிஞ்சிடுமே."

பல மாதங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் இரண்டு வாக்கியம் வந்தது. நிர்மலா கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

மறுநாளே ஓர் இரும்பு டிரம்மைப் பாதியாக வெட்டித் தொட்டி செய்தார். ரப்பர் கையுறை, கொக்கி, அளவுக் குவளை எல்லாம் வந்தன. கடைசியாக ஒரு சிலேட்டும் வந்தது. தொட்டிக்கு மேலே ஆணியடித்து மாட்டினார். மில்லில் ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு சிலேட்டு உண்டாம். என்ன போட்டது, உள்ளே எத்தனை மணிக்கு, வெளியே எத்தனை மணிக்கு.

"ஒண்ணு மட்டும் தெரிஞ்சிக்க. எழுதினவன்தான் அழிக்கணும். வேற எவன் கை பட்டாலும் அன்னிக்கே மெமோ" என்றார்.

"நம்ம வூட்ல யாருங்க மெமோ குடுக்கப் போறாங்க?"

"சிலேட்டே குடுக்கும்."

அது முதல் இரும்பு எல்லாம் அவருடையது, மற்றதெல்லாம் அவளுடையது. யாரும் பிரித்துக் கொடுக்காமலே அப்படி அமைந்துவிட்டது. சைடு ஸ்டாண்டு, கீல், சைலன்சர் என்று சிலேட்டில் அவருடைய சாய்வெழுத்து தினமும் மாறிக்கொண்டே இருந்தது. உள் அறைக் கதவு பகலில் திறந்தே கிடந்தது. நிர்மலா இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. சொன்னால் கண்பட்டுவிடும் என்று பயந்தாள்.

மாசி மாதத்தில் பூவிழி வந்தாள். அரசுப் பள்ளியில் அறிவியல் டீச்சர், முப்பத்திரண்டு முப்பத்து மூன்று வயதிருக்கும். ஒரு சொல்தா வீட்டில், அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர் வீட்டில், கொல்லைப்புறத்தில் கிடந்த யெஸ்டி மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தாள்.

"அதுல கோழி அடை காத்துட்டு இருந்துச்சுக்கா. குஞ்சு பொரிச்சு இறங்குற வரைக்கும் காத்திருந்து எடுத்துட்டு வந்தேன்" என்று சிரித்தாள்.

வண்டியைத் தானே பிரித்து, தானே பூட்டுகிறாளாம். இன்ஜினின் இரண்டு பக்க மூடிகளும் அலுமினிய வார்ப்பு. இடது மூடியில் வார்ப்பிலேயே எழும்பி நிற்கும் எழுத்துகள் இருந்தன. அந்தப் பக்கத்து ஓட்டை வழியாகத்தான் காம்பு வெளியே வரும். உதைத்துக் கிளப்புவதும் அதே காம்பு, மடக்கி கியர் போடுவதும் அதே காம்பு. பூவிழி அதைச் சொல்லும்போது சொந்தப் பிள்ளையின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்வது போலிருந்தது.

"பசங்க வண்டி உனக்கு இன்னாத்துக்குன்னு ஸ்டாஃப் ரூம்ல ஒரே கிண்டல். பள்ளிக்கூடம் லீவு விட்ட அன்னிக்கு கேட்டுக்குள்ளயே கிளப்பிட்டுப் போகணும்கா. திருவண்ணாமலை வரைக்கும்."

"போலாம் பாப்பா. ஆனா கழுவுறேன் தொடைக்கிறேன்னு அலுமினியத்தைக் காஸ்டிக் பக்கம் மட்டும் கொண்டு போயிடாத. தின்னுடும்."

"எனக்கேவா? வருஷா வருஷம் எட்டாவதுக்கு நான்தான் அதைச் செஞ்சு காட்டுறேன். அலுமினியத் துண்டு கரைசல்ல நுரைச்சிட்டே காணாம போகும், பிள்ளைங்க கை தட்டும்."

இருவரும் சிரித்தார்கள். கன்னியப்பன் அப்போது பின்பக்கம் தொட்டிக்குத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். இது அவர் காதில் விழவில்லை.

அடுத்த வியாழக்கிழமை காலை பூவிழி சாமான் பெட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். சைலன்சர், செயின் கவர், ஸ்டாண்டு, இரண்டு மூடிகள், எல்லாவற்றிலும் எண்ணெயும் தூசியும் கலந்து அரை அங்குலத்துக்குப் படிந்திருந்தது. நிர்மலா நோணாங்குப்பத்துக்குப் போய்ப் படகுக் குமிழ்களைக் கொடுக்க வேண்டியிருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"ஏங்க, நான் வர்றதுக்குள்ள அந்தப் பெட்டியில இருக்கறதுக்குக் கொஞ்சம் பிசுக்கு எடுத்து வைங்க."

அவள் சொன்ன 'பிசுக்கு எடுப்பது' மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும். பாத்திரக் கம்பெனியில் அதற்கு அதுதான் அர்த்தம். மில்லில் பிசுக்கெடுப்பு என்பது வேறு. நெய்த துணியைக் காஸ்டிக்கில் மணிக்கணக்காக வேகவைத்து, அதிலிருக்கும் எண்ணெயையும் மெழுகையும் கக்க வைப்பதற்குத்தான் அங்கே அந்தப் பெயர். இருபத்திரண்டு வருஷம் தினமும் செய்த வேலையின் பெயரை மனைவி தன் வாயால் சொல்லிவிட்டுப் போகிறாள். கன்னியப்பன் சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உற்சாகமாக எழுந்தார்.

நிர்மலா திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டே கால். சந்துமுனையிலேயே மூக்கை நெருடும் காரநெடி. பட்டறைக்குள் தொட்டி சோற்றுப்பானை போலப் பொங்கிக்கொண்டிருந்தது. கன்னியப்பன் கையில் கொக்கியோடு, நெற்றியெல்லாம் வியர்வையோடு, முகம் நிறையச் சிரிப்போடு நின்றார்.

"இன்னா பிசுக்கு பாத்தியா? ரெண்டு மணி நேரமா நுரை அடங்கவே இல்ல. துணி கூட இப்டிக் கக்கினது கிடையாது."

நிர்மலா அவர் கையிலிருந்த கொக்கியைப் பிடுங்கித் தொட்டிக்குள் விட்டாள். இடது மூடி மேலே வந்தது. அடுப்புக்கரி போலக் கறுத்து, மேலெல்லாம் அம்மைத் தழும்பாக இருந்தது. குழாயடியில் போட்டு வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினாள். எழுந்து நின்ற எழுத்துகள் நாலு நாள் குளித்த சோப்புக் கட்டியின் எழுத்து மாதிரி மழுங்கிக் கிடந்தன. காம்பு வரும் ஓட்டை வாய் அகன்றிருந்தது. நல்லவேளை, ஒரு நேரத்தில் ஒரு சாமான்தான் போடுவது அவர் வழக்கம். வலது மூடி இன்னும் பெட்டியிலேயே இருந்தது.

"கெட்டுப் போச்சா?" என்று கேட்டார் கன்னியப்பன். அந்தச் சிரிப்பு முகத்தில் இன்னும் முழுதாகப் போகவில்லை.

"ஒண்ணுமில்லைங்க. அலுமினியத்துக்கு இது… ஒத்துக்காது. பாத்துக்கலாம்."

அவர் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு கையுறைகளைக் கழற்றி ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே போனார். உள் அறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

நிர்மலாவுக்கு மூடியைப் பற்றிய கவலை பறந்தே போய்விட்டது. நான்கு வருஷம் கழித்து வெளியே வந்த மனிதர். இந்த முறை உள்ளே போனால் திரும்ப வருவாரா? அவள் நிமிர்ந்தபோது சிலேட்டு கண்ணில் பட்டது.

இடது மூடி - 1
உள்ளே 10.10
வெளியே

குற்றப்பத்திரிகை போல அது தொங்கிக்கொண்டிருந்தது. முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அழுத்தித் துடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை அவர் பட்டறைப் பக்கம் வரவில்லை. சாப்பிட மட்டும் வந்தார். குழம்பு நன்றாயிருக்கிறதா என்று கேட்டதற்குத் தலையாட்டினார். சனிக்கிழமை பூவிழி வந்தாள். என்ன சொல்வது என்று நிர்மலா இரண்டு நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள்.

"பாப்பா, ஒரு தப்பு நடந்து போச்சு. நான்தான் அவசரத்துல காஸ்டிக் தொட்டியில போட்டுட்டேன்."

பூவிழி மூடியைக் கையில் வாங்கினாள். கட்டைவிரல் எழுத்துகளின் மேல் போய் வந்துகொண்டிருந்தது.

"இதைத் தேடி எத்தினி கடை ஏறி இறங்கியிருப்பேன் தெரியுமாக்கா? வண்டியில வந்தது உடைஞ்சு போயிருந்துச்சு. சேலம், கோயம்புத்தூர்னு ஆள் புடிச்சு, எட்டு மாசம் கழிச்சுக் கிடைச்சது இது." பிறகு சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். "நீங்களா போட்டீங்க?"

"ஆமா."

"காஸ்டிக் பக்கம் கொண்டு போகாதன்னு இதே இடத்துல நின்னு எனக்குச் சொன்னவங்க நீங்க. பதினோரு வருஷம் அலுமினியத்தோடவே இருந்தவங்க. நீங்க போட்டீங்க?"

அப்போதுதான் நிர்மலாவுக்கே உறைத்தது. வருகிற வாடிக்கைக்காரர் ஒருத்தர் விடாமல் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள், தொட்டியை வைத்திருக்கும் கணவரிடம் மட்டும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. அவருடைய தொட்டி, அவருடைய வேலை. அதில் போய் நாம் பாடம் நடத்தினால் மனசு சுணங்குவாரே என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள்.

"அவ போடல. நான் போட்டேன்."

கன்னியப்பன் வாசலில் நின்றார். சட்டை போட்டு, தலை வாரியிருந்தார். பூவிழியைப் பார்த்துச் சொன்னாலும் கால்கள் நேராகத் தொட்டியிடம் போயின.

"எழுதியே வெச்சிருக்கேன் பாரும்மா…" என்று சிலேட்டைக் கையில் எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சிலேட்டு துடைத்துச் சுத்தமாக இருந்தது.

"யாரு அழிச்சது?"

நிர்மலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன்னத்தான் கேக்குறேன். யாரு அழிச்சது?"

"நான்தாங்க. உங்க பேரு இதுல வரக் கூடாதுன்னு…"

"மூடி போனது போச்சு. தெரியாம பண்ணேன், தெரிஞ்சுக்கிட்டேன். எங்கிட்ட இருந்தது இந்த ஒரு பழக்கம்தான் நிர்மலா. தப்போ சரியோ, போட்டதை எழுதி வெச்சிட்டு அதுக்குக் கீழ நிக்கிறது. மில்லுல எரநூறு மீட்டர் துணி வீணாப் போன அன்னிக்குக் கூட என் சிலேட்டை எவனும் தொடல. நீ தொட்டுட்டியே." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் நிர்மலாவுக்குத் தாங்கவில்லை.

"நீங்க மறுபடி அந்த ரூமுக்குள்ள போயிட்டீங்களே, நான் இன்னா பண்ணுவேன்? எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றாள். அத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவள் சொன்னது அதுதான் முதல் தடவை.

கன்னியப்பன் அவளைப் பார்த்தார்.

"ரெண்டு நாளா அந்தப் புள்ளைக்கு எப்டிச் சொல்றதுன்னு யோசிச்சிட்டுக் கிடந்தேன். அதுக்கும் சேத்துப் பயந்தியா?"

பூவிழிக்கு இந்த வழக்கில் யார் பக்கம் பேசுவது என்று தெரியவில்லை. கன்னியப்பன் சாக்பீஸைத் தேடி எடுத்தார். சிலேட்டைத் தொடைமேல் வைத்து அழுத்தி எழுதினார். 'இடது மூடி - 1. உள்ளே 10.10.' பிறகு நிர்மலாவிடம் திரும்பி, "எத்தினி மணிக்கு நீ வெளிய எடுத்த?" என்று கேட்டார்.

"பன்னெண்டே கால்."

'வெளியே 12.15. போட்டது கன்னியப்பன். எடுத்தது நிர்மலா.' அதை மறுபடி ஆணியில் மாட்டினார்.

"இரும்பைக் காஸ்டிக் ஒண்ணும் பண்ணாது தாயி. அலுமினியமும் இரும்பு மாதிரிதானேன்னுட்டேன். நான் அதிகமாப் படிக்கல. ஒரு மூணு வாரம் குடு. கையாலயே தேச்சுக் கொண்டு வர்றேன். பழைய மாதிரி வரும்னு பொய் சொல்ல மாட்டேன்."

பூவிழி 'பரவாயில்லை' என்று சொல்லவில்லை. சொல்ல மனசு வரவில்லை. வலது மூடியை மட்டும் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். "இது எங்கிட்ட இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு மூடி கன்னியப்பன் மடியில் இருந்தது. நூற்றிருபது நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்தார். கறுப்பு போய், கீழே வெளிறிய சாம்பல் நிறம் வர இரண்டு நாள். தழும்புகள் மறைய இன்னும் நான்கு நாள். ஒரு தாளின் கீறல் முழுதாகப் போன பிறகுதான் அடுத்த நம்பர் தாளைத் தொட வேண்டும், குறுக்குவாட்டில் தேய்த்தால்தான் பழைய கீறல் போய்விட்டதா என்று தெரியும் என்று நிர்மலா சொன்னாள். இந்த முறை தயங்காமல் சொன்னாள். அவரும் "அப்டியா" என்று கேட்டுக்கொண்டு அதையும் சிலேட்டில் குறித்தார். இருநூற்றிருபது, நானூறு, அறுநூறு. எழுத்துகளின் இடுக்குகளைத் தீக்குச்சியில் தாளைச் சுற்றித் தேய்த்தார். அவர் விரல்நுனிகளில் ரேகை தேய்ந்துபோயிற்று.

அகன்ற ஓட்டைக்கு உள்வளையம் போடப் பக்கத்துச் சந்து லேத் பட்டறைக்கு எடுத்துப்போனார். லேத்துக்கார இராமதாஸ் வாய்த்துடுக்கு உள்ளவர்.

"யாரு கன்னியப்பா, மூடிய வேக வெச்சது?"

"நான்தான். ரெண்டு மணி நேரம் அஞ்சு நிமிஷம்."

"அடப்பாவி, குக்கர்ல பருப்பே பத்து நிமிஷத்துல வெந்துடுமே!"

"அதான் குழைஞ்சு போச்சு" என்றார் கன்னியப்பன். இராமதாஸ் சிரித்த சிரிப்பில் லேத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. வீட்டுக்கு வந்து இதை அவரே நிர்மலாவிடம் சொன்னார். சொல்லும்போது அவரும் சிரித்தார்.

கடைசி வேலை நிர்மலாவுடையது. முதலில் நார்ச் சக்கரம், பிறகு துணிச் சக்கரம். பாலிஷ் சோப்பைச் சக்கரத்தில் காட்டி, மூடியை அழுத்தாமல் கொடுத்து வாங்கினாள். சுண்ணாம்புத் தூள் தூவித் துடைத்தபோது தகரக் கூரையின் ஆணி ஓட்டைகள் அதில் நட்சத்திரம் நட்சத்திரமாகத் தெரிந்தன. எழுத்துகள் மட்டும் விளிம்பில்லாமல், மெழுகில் செய்தவை போல உருண்டிருந்தன.

மூன்றாவது சனிக்கிழமை பூவிழி வந்தாள். மூடியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். உள்வளையத்தில் காம்பைச் செருகிச் சுழற்றிப் பார்த்தாள். ஆட்டமில்லை.

"எழுத்து பழைய மாதிரி இல்ல" என்றாள்.

"இல்லம்மா. வராது" என்றார் கன்னியப்பன்.

பூவிழி மறுபடி கட்டைவிரலால் எழுத்துகளைத் தடவினாள். இந்த முறை விரல் எங்கும் தடுக்கவில்லை.

"ஓடிட்டே இருந்த வண்டின்னா இந்நேரம் கால் பட்டுப் பட்டு இப்டித்தான் தேஞ்சிருக்கும், இல்லக்கா?"

நிர்மலா பதில் சொல்லும் முன்பே பூவிழி பையைத் திறந்து, துணி சுற்றிய வலது மூடியை எடுத்து மேடைமேல் வைத்தாள்.

"இதுவும் அதுக்கு ஜோடியா வரணும். லீவுக்கு இன்னும் பன்னெண்டு நாள்தான் இருக்குது. பிசுக்கு அப்டியே இருக்குது, நான் தொடவே இல்ல."

'பிசுக்கு' என்ற வார்த்தை வந்ததும் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கன்னியப்பன் சிலேட்டை எடுத்தார். இடது மூடியின் கணக்கைத் தன் கையாலேயே, நிதானமாக, ஓரம் வரைக்கும் அழித்தார். புதிதாக எழுத ஆரம்பித்தார்.

வலது மூடி - 1
மண்ணெண்ணெய், பிரஷ்
உள்ளே 9.40
வெளியே

அதோடு நிறுத்தவில்லை. கீழே ஒரு கோடு இழுத்து 'போட்டவர்' என்று எழுதி, எதிரே தன் பெயரை எழுதினார். அதற்கும் கீழே 'பார்த்தவர்' என்று எழுதி இடம் விட்டார்.

"மில்லுல ரெண்டு பேர் கையெழுத்துப் போடணும். நான்தான் இங்க ஒருத்தன் போதும்னு விட்டுட்டேன்" என்று சாக்பீஸை நிர்மலாவிடம் நீட்டினார்.

நிர்மலா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு அவள் சிலேட்டில் எழுதியதில்லை. 'நி' என்று எழுதி, போதுமா என்று பார்த்தாள். முழுப்பேர் எழுது என்றார். எழுதினாள்.

"நானும் எங்கயாச்சும் போடணுமா?" என்று பூவிழி சிரித்தாள்.

"நீ எடுத்துட்டுப் போறப்ப போடும்மா" என்றார் கன்னியப்பன், பிரஷ்ஷைத் தேடிக்கொண்டே. "வெளியேன்னு ஒரு இடம் இருக்குது பாரு, அங்க."